பேங்காக்கிலிருந்து காஞ்சனபுரி ரயில் பாலத்திற்கு ஓட்டுநருடன் ஒரு நாள் பயணம்: வயதான அப்பாவுடன் செல்ல ஆலோசனை தேவை

புக்கிட் பாத்தோக் மகன் கேட்கிறார்:

வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் அப்பாவை பேங்காக்கிற்கு அழைத்துச் சென்று, அங்கிருந்து ஓட்டுநரோடு ஒரு தனி வாகனத்தை ஒரு நாளைக்கு அமர்த்திக்கொண்டு, காஞ்சனபுரியிலுள்ள குவாய் ஆற்று ரயில் பாலத்தைக் காட்டிவிட்டு இரவுக்குள் திரும்பலாம் என்று எண்ணியிருக்கிறேன். நானும் என் மனைவியும் அப்பாவும் பதினான்கு வயது மகளும் ஆக நால்வர். அப்பாவுக்கு 83 வயது. வீட்டுக்குள்ளும் புளோக்கின் கீழேயும் கைத்தடியோடு நடப்பார், ஆனால் அரை மணி நேரத்திற்கு மேல் நிற்க முடியாது என்பதால் வெளியூர்களில் சக்கர நாற்காலியை உடன் கொண்டுபோவோம்.

இது எங்களுக்கு வெறும் சுற்றுலா அன்று என்பதால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்பா குளுவாங் அருகே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவருக்கு ஒரு வயது நிறைவதற்குள், 1943ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜப்பானியர் ஆட்சியின்போது, தாத்தாவைச் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, இந்தப் பாலம் உள்ள ரயில் பாதையைப் போடும் வேலைக்கு அழைத்துப் போனார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, வீட்டுக்கு அரிசி என்று தோட்டத்து எழுத்தரான கிராணி சொன்னதாகப் பாட்டி இறுதிவரை சொல்லிக்கொண்டிருந்தார். தாத்தா திரும்பவில்லை. அவரோடு போனவர்களில் ஒருவர் மட்டும் போர் முடிந்தபின் தோட்டத்திற்கு வந்து, வாந்திபேதியில் போய்விட்டார் என்று சொன்னாராம். எந்த முகாம், எந்த மாதம் என்பது அவருக்கும் தெரியவில்லை. திதி தெரியாததால் பாட்டி ஆண்டுதோறும் ஆடி அமாவாசையில்தான் தாத்தாவுக்குப் படைத்தார். அப்பாவும் இன்றுவரை அதையே செய்கிறார்.

புக்கிட் தீமா சாலைக்கு மேலே செல்லும் பழைய கருப்பு இரும்பு ரயில் பாலத்திற்கு அப்பாவை அவ்வப்போது மாலையில் அழைத்துச் செல்வேன். சென்ற மாதம் அங்கே உட்கார்ந்திருந்தபோது, “இந்தத் தண்டவாளந்தான் குளுவாங்கைத் தாண்டி மேலே போனது, கடைசியில் அது எங்கே போய் முடிந்தது என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்” என்றார். அவர் இப்படி எதையும் கேட்டவர் அல்லர். ஆகவே தள்ளிப்போட எனக்கு மனமில்லை.

என் ஐயங்கள் இவைதாம். ஒரே நாளில் போய்வருவது இந்த வயதினருக்குத் தாங்குமா? பாலத்தைத் தவிர வேறு எங்கெங்கே நிற்க வேண்டும், எவற்றை விட்டுவிடலாம்? வாகனத்தையும் ஓட்டுநரையும் அமர்த்தும்போது எவற்றை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்? அப்பா சைவ உணவு மட்டுமே உண்பவர். எல்லாவற்றுக்கும் மேலாக, தாத்தாவைப் போன்றவர்களுக்கென்று ஒரு பூ வைக்க அங்கே ஏதேனும் ஓர் இடம் இருக்கிறதா? இணையத்தில் தேடினால் போர்க்கைதிகளின் கல்லறைகளைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள்.

தெம்பனிஸ் வாசகி எழுதுகிறார்:

வணக்கம் சகோதரரே. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என் அம்மாவையும் பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு இதே பயணத்தை மேற்கொண்டேன் என்பதால், பட்டறிந்ததை எழுதுகிறேன்.

பேங்காக்கிலிருந்து காஞ்சனபுரி ஏறத்தாழ 130 கிலோமீட்டர். தொலைவு பெரிதில்லை, நகரத்தை விட்டு வெளியேறுவதுதான் பெரும்பாடு. நாங்கள் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டதால் எட்டரைக்கெல்லாம் சேர்ந்துவிட்டோம். அதே நாளில் ஏழரைக்குப் புறப்பட்ட இன்னொரு குடும்பம், எங்கள் விடுதியில் தங்கியிருந்தவர்கள், பத்தரை மணிக்குமேல்தான் வந்தார்கள். நேரத்தை வைத்தே மற்ற அனைத்தும் அமைகின்றன, ஏனென்றால் பாலத்தின் மீது செல்லும் காலை ரயில் பத்தரை மணிக்கு மேல் அங்கே வருகிறது. அதைத் தவறவிட்டால் அடுத்ததற்குப் பிற்பகல்வரை காத்திருக்க வேண்டும். தோன்புரி நிலையத்திலிருந்து காலையில் கிளம்பி நாம் தோக் என்னும் ஊர்வரை செல்லும் சாதாரண மூன்றாம் வகுப்பு ரயில் அது. வெளிநாட்டவருக்கு 100 பாட் கட்டணம், குளிரூட்டி கிடையாது, சன்னல்கள் திறந்தே இருக்கும். தாமதமாக வருவது வழக்கம் என்பதால் முதல் நாளே விடுதியில் சொல்லி நேரத்தை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

தனி வாகனத்தின் உண்மையான பயன் இந்த ரயிலில்தான் இருக்கிறது என்பேன். குழுவாகப் போகிறவர்கள் பாலத்தில் நின்று படமெடுத்துக்கொண்டு பேருந்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் பாலத்தை அடுத்த சிறு நிலையத்தில் ஏறாமல், அதற்கு முந்திய காஞ்சனபுரி நிலையத்திலேயே ஏறி இடது பக்கச் சன்னலோரம் உட்கார்ந்துகொண்டோம். ஓட்டுநரை வண்டியோடு தாம் கிராசே என்ற நிலையத்திற்கு அனுப்பிவிட்டோம். ரயில் பாலத்தை மெதுவாகக் கடந்து, மரவள்ளித் தோட்டங்களுக்கும் கரும்பு வயல்களுக்கும் நடுவே ஒரு மணி நேரத்திற்குமேல் போனபின், குவே நோய் ஆற்றின் ஓரத்தில் செங்குத்தான பாறையை ஒட்டி மரச்சட்டங்கள்மேல் கட்டப்பட்ட பாதைக்கு வருகிறது. வலது புறம் கையை நீட்டினால் பாறை தட்டுப்படும். இடது புறம் கீழே ஆறு. அந்த இடத்தில் வண்டி நடக்கும் வேகத்தில்தான் ஊர்கிறது. தாம் கிராசேயில் இறங்கியபோது எங்கள் ஓட்டுநர் தண்ணீர்ப் போத்தல்களோடு நின்றுகொண்டிருந்தார்.

வாகனம் பேசும்போது நான் கற்றுக்கொண்ட ஒன்று: எத்தனை மணி நேரம், எந்தெந்த இடங்கள், எரிபொருளும் சுங்கக் கட்டணமும் சேர்த்தா இல்லையா, கூடுதல் ஒரு மணி நேரத்திற்கு எவ்வளவு என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குப் பத்து மணி நேரத்திற்கு 4,000 பாட், எல்லாம் சேர்த்து. வேன் எடுத்ததால் சக்கர நாற்காலியை மடிக்காமலே பின்னால் வைக்க முடிந்தது. முதல் முறை போனபோது, அதற்கும் சில ஆண்டுகளுக்கு முன்பு, நாங்கள் அமர்த்திய வேறொருவர் கேட்காமலே ஒரு ரத்தினக் கல் கடைக்குள் வண்டியைத் திருப்பி முக்கால் மணி நேரத்தை வீணாக்கினார். அதனால் இரண்டாம் முறை “கடைகளுக்குப் போக வேண்டாம்” என்ற ஒரு வரியையும் சேர்த்தே எழுதச் சொன்னேன். தயக்கமின்றி எழுதித் தந்தார்கள்.

மிதக்கும் சந்தை, யானை முகாம், நீர்வீழ்ச்சி என்று பாலத்தோடு இன்னும் மூன்றைச் சேர்த்து ஒரே நாளில் காட்டுவதாகச் சொல்வார்கள். உங்கள் அப்பா போகும் காரணத்திற்கு அவற்றில் ஒன்றும் வேண்டாம். வழியில் நக்கோன் பாத்தோமில் 120 மீட்டர் உயரமுள்ள பிரா பாத்தோம் தூபி சாலையிலிருந்தே தெரியும். அதை வண்டியிலிருந்தபடி கும்பிட்டுவிட்டுப் போகலாம்.

ஈசூன் பழைய ஆசிரியர் எழுதுகிறார்:

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. பள்ளியில் வரலாறு கற்பித்த நாள்களிலிருந்தே இந்தப் பாதையைப் பற்றிச் சேகரித்து வருகிறேன்; மூன்று முறை போய்வந்தேன். அப்பாவுக்கு நீங்கள் அங்கே நின்று எடுத்துச் சொல்ல உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் அப்பா சொன்னது சரிதான். சிங்கப்பூர், மலாயா, சயாம், பர்மா ஆகிய எல்லா இடங்களிலும் தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் ஒரு மீட்டர். சயாமின் பான் போங் அருகிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத்வரை இடையில் விடுபட்டிருந்த ஏறத்தாழ 415 கிலோமீட்டரை இணைத்துவிட்டால், சிங்கப்பூரிலிருந்து பர்மாவுக்குள் தரைவழியே படைகளையும் தளவாடங்களையும் கொண்டுபோகலாம், மலாக்கா நீரிணை வழியாக ரங்கூனுக்குக் கப்பல் விட்டு நேச நாட்டு நீர்மூழ்கிகளுக்குப் பறிகொடுக்க வேண்டியதில்லை என்பதுதான் ஜப்பானியப் படையின் கணக்கு. வேலை 1942இன் நடுப்பகுதிக்குமேல் தொடங்கி 1943 அக்டோபரில், இரு முனைகளிலிருந்தும் போட்டுக்கொண்டு வந்த பாதைகள் கோன்குயித்தா என்ற இடத்தில் சந்தித்ததோடு முடிந்தது. தண்டவாளங்கள் போதாமல், மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையில் நீண்ட ஒரு பகுதியைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். ஆள்களை மட்டுமன்றி இரும்பையும் இங்கிருந்தே எடுத்தார்கள் என்பதை உங்கள் மகளுக்கும் சொல்லுங்கள்.

பாலத்தைப் பற்றி. அங்கே முதலில் ஒரு மரப்பாலமும் பிறகு இரும்புப் பாலமும் கட்டப்பட்டன. இரண்டும் 1943இன் முற்பகுதியில் முடிந்தவை. இரும்புப் பாலத்தின் வளைந்த விட்டங்கள் ஜாவாவிலிருந்து ஜப்பானியர் கழற்றிக் கொண்டுவந்தவை. 1944 இறுதியிலிருந்து 1945வரை நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசி நடுப்பகுதியைத் தகர்த்தன. இன்று நீங்கள் நடக்கும்போது, வளைவாக வந்துகொண்டிருக்கும் விட்டங்களுக்கு நடுவே இரண்டு மட்டும் நேர்கோடுகளாலான கோண வடிவில் இருப்பதைக் காண்பீர்கள்; அவை போருக்குப்பின் ஜப்பான் இழப்பீடாகக் கட்டிக் கொடுத்தவை. ஆற்றின் பெயரே அப்போது மே குளோங். திரைப்படம் ஒன்று உலகெங்கும் ஓடியதால் குவாய் ஆற்றைத் தேடி மக்கள் வரத் தொடங்க, 1960களில் அந்தப் பகுதிக்குக் குவே யாய் என்று பெயர் சூட்டினார்கள். ஓட்டுநரிடம் “குவே” என்றே சொல்லுங்கள். நாம் சொல்லும் “குவாய்” அவர்கள் மொழியில் எருமையைக் குறிக்கும்.

இனி, நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்வி. நகரின் நடுவிலுள்ள பெரிய போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேர் அடக்கமாகியிருக்கிறார்கள். ஆற்றுக்கு அப்பால் சுங்காய் என்ற இடத்தில் இன்னும் 1,700 பேருக்குமேல். அவர்கள் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள். பாதையில் வேலை செய்த 60,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளில் 12,000க்கும் அதிகமானோர் மாண்டனர். பெரும்பாலோருக்கு ஒரு பெயர், ஒரு வயது, பலருக்கு வீட்டார் எழுதிய ஒரு வரி. நம்மவர் அந்தத் தோட்டங்களில் இல்லை. தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் பர்மியரும் ஜாவாக்காரருமாக அந்தப் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டு இலட்சம் என்றும், அவர்களுள் சுமார் 90,000 பேர் மாண்டார்கள் என்றும் மதிப்பிடுகிறார்கள். மதிப்பிடத்தான் முடிகிறது. போர்க்கைதிகளின் முகாம்களில் அதிகாரிகள் இருந்தார்கள், இராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், இறந்தவர் பெயரை ஒரு துண்டுத் தாளிலாவது எழுதி ஒளித்துவைத்தார்கள். போர் முடிந்த கையோடு ஒரு குழு பாதை நெடுகச் சென்று அவர்களது புதைகுழிகளைத் தேடி எடுத்தது. தோட்டத்துத் தொழிலாளர் முகாம்களில் பெரும்பாலும் எழுதி வைக்க ஆளில்லை, மருத்துவரும் இல்லை, 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது ஒரே குழியில் பலரையும் இட்டும் எரித்தும் விட்டார்கள். ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்களில் கூலியில்லாமல் போனதுதான் பலரை அந்த மூன்று மாத வாக்குறுதியை நம்ப வைத்தது. நம்பிப் போகாதவர்களை, இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று வரவழைத்துக் கதவை அடைத்து லாரியில் ஏற்றிய கதைகளும் உண்டு. உங்கள் பாட்டி சொன்ன ஒரு வெள்ளிக் கூலியை நான் நேர்கண்ட முதியவர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள்.

ஆயினும் பூ வைக்க இடம் இருக்கிறது. பெரிய கல்லறைத் தோட்டத்திற்கு மிக அருகில் வாட் தவோன் வராராம் என்ற வியட்நாமிய மரபு விகாரை உள்ளது. ஊரார் வாட் யுவான் என்பார்கள். அங்கே இடுகாட்டுப் பகுதியில், பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்துப் புதைத்து எழுப்பிய நினைவுத் தூபி நிற்கிறது. அண்மை ஆண்டுகளில் தமிழர்களுக்கென்றே ஒரு நடுகல்லையும் அந்த விகாரையில் நாட்டியிருக்கிறார்கள். போரில் விழுந்தவருக்குக் கல் நட்டுப் பூச்சூட்டி வழிபட்டவர்கள் நம் முன்னோர்; போருக்காக விழுந்தவருக்கும் அப்படி ஒரு கல் கிடைக்க எண்பது ஆண்டுகள் ஆயின என்ற வருத்தம் எனக்கு உண்டு, கிடைத்ததே என்ற நிறைவும் உண்டு. இன்னோர் இடம், பாலத்திற்குச் சற்றுத் தள்ளி 1944இல் ஜப்பானிய இராணுவமே எழுப்பிய நினைவுத் தூண். சுற்றுச்சுவரில் பல மொழிகளில் கல்வெட்டுகள் உள்ளன, தமிழும் அவற்றுள் ஒன்று. அதைக் கட்டியவர்கள் யார் என்பதால் சிலர் அங்கே போக விரும்புவதில்லை. உங்கள் அப்பாவிடம் முன்பே சொல்லி அவர் விருப்பப்படி செய்யுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். கல்லறைத் தோட்டத்தின் எதிரில் உள்ள தாய்லாந்து–பர்மா ரயில்பாதை ஆய்வு மையத்தை விட்டுவிடாதீர்கள். 2003இல் தொடங்கியது, தொழிலாளர்களின் கதையையும் காட்டுகிறது. அங்குள்ள பாதையின் மாதிரி வடிவத்தைப் பார்த்தால், எந்த முகாம் எந்த மலைக்கு நடுவே இருந்தது என்பது பதினான்கு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். முகாமின் பெயர் தெரியாத உங்கள் குடும்பத்திற்கு, பாதை முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும் அந்த வடிவம் முக்கியம் என்று நினைக்கிறேன்.

பேங்காக்கில் வாழும் சிங்கப்பூரர் எழுதுகிறார்:

வணக்கம். நான் பதினோரு ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறேன். ஊரிலிருந்து வரும் உறவினர்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது காஞ்சனபுரிக்கு அழைத்துப் போகிறேன். மேலே தெம்பனிஸ் அக்கா சொன்னவற்றில் ஒன்றில் மட்டும் நான் மாறுபடுகிறேன். 83 வயதில் உள்ளவரை அந்த ரயிலில் ஏற்ற வேண்டாம் என்பது என் கருத்து. பெட்டியின் படிகள் செங்குத்தானவை, நடைமேடை தாழ்ந்திருப்பதால் முதல் படிக்கே காலை முழங்கால் உயரத்திற்குத் தூக்க வேண்டும். சக்கர நாற்காலிக்கு உள்ளே இடமில்லை. டிசம்பரில் பயணிகள் நிறைந்து நின்றுகொண்டே வருவார்கள். என் மாமனாரை, அப்போது அவருக்கு 76 வயது, இருவர் தூக்கி ஏற்றினோம். இறங்கும்போது ரயில் கிளம்பிவிடுமோ என்ற பதற்றத்தில் அவர் கால் பிசகிவிட்டது, பிறகு நாள் முழுவதும் வண்டியிலேயே இருந்தார்.

அதற்கு மாற்று இருக்கிறது. அப்பாவைத் தனி வாகனத்திலேயே தாம் கிராசே நிலையத்திற்குக் கொண்டுபோய்விடுங்கள். வாகனம் நிறுத்தும் இடத்திலிருந்து தண்டவாளம்வரை நடக்கும் தூரம் குறைவு. உணவுக்கடைகள் ஆற்றைப் பார்த்தபடி இருக்கின்றன. அங்கே நிழலில் உட்கார்ந்தபடியே, ரயில் அந்த மரப்பாதையின் மேல் வளைந்து வருவதைப் பார்க்கலாம். ரயிலுக்குள் இருப்பவர்களுக்கு அந்தக் காட்சி முழுமையாகத் தெரியாது. நீங்களும் மகளும் ரயிலில் வாருங்கள். அப்பாவும் உங்கள் மனைவியும் அங்கே காத்திருந்து உங்களைப் பார்ப்பார்கள்.

பாலத்தின் மேல் நடப்பது குறித்தும் ஒரு சொல். தண்டவாளங்களுக்கு நடுவே தகடு பதித்த நடைவழி இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் முழுவதும் தடுப்பு இல்லை. ரயில் வரும்போது ஒதுங்கி நிற்க இடையிடையே சிறு மேடைகள் வைத்திருக்கிறார்கள். மொத்தம் முந்நூறு மீட்டருக்குமேல் நீளம். அப்பா முதல் மேடைவரை கைத்தடியோடு போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினால் போதும். காலை ஒன்பது மணிக்கு முன்பு கூட்டம் குறைவு.

ஹெல்ஃபயர் கணவாயைப் பற்றி யாரும் எழுதவில்லை. காஞ்சனபுரியிலிருந்து இன்னும் 80 கிலோமீட்டர் வடமேற்கே இருக்கிறது. பாறையைக் கையால் குடைந்து வழி செய்த இடம். இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமாக வேலை செய்தவர்களைப் பார்த்த கைதிகள் அதற்கு நரகத் தீ என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்திரேலிய அரசு அமைத்த நினைவு மையம் மிகச் சிறந்தது. ஆனால் கணவாய்க்குள் இறங்கப் பல படிகள் உண்டு, ஒரே நாளில் இதையும் சேர்த்தால் நீங்கள் பேங்காக் திரும்ப இரவு ஒன்பது மணியாகிவிடும். ஆகவே, முடிந்தால் ஓர் இரவு காஞ்சனபுரியில் தங்குங்கள். ஓட்டுநருக்கு இரவுத் தங்கலுக்கும் உணவுக்கும் தனியாகக் கொடுத்தால் இரண்டு நாளைக்கும் அவரே இருப்பார். ஒரு நாள்தான் என்றால் கணவாயை விட்டுவிடுங்கள், அப்பாவை அலைக்கழிக்க வேண்டாம்.

சைவ உணவுக்கு இங்கே “ஜே” என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து, பார்ப்பதற்கு 17 என்ற எண்ணைப் போல இருக்கும். அந்தப் பலகை உள்ள கடையில் மீன்சாறுகூடச் சேர்க்க மாட்டார்கள்; பூண்டு, வெங்காயமும் இருக்காது. வெறுமனே காய்கறி என்று கேட்டால் மீன்சாறு ஊற்றிவிடுவார்கள். தாம் கிராசேயில் அத்தகைய கடை கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். காலையில் விடுதியிலிருந்தே எலுமிச்சைச் சாதமோ தயிர்ச் சாதமோ கட்டிக்கொண்டு வாருங்கள். பேங்காக்கில் இந்தியர் கடைகள் உள்ள பாஹுராட் பகுதியில் முதல் நாள் இரவே வாங்கிவிடலாம்.

நவம்பர் இறுதியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் பாலத்தில் ஒலி-ஒளி விழா நடக்கும். வாண வேடிக்கை, குண்டு வெடிக்கும் ஓசை எல்லாம் இருக்கும், விடுதிகளும் நிரம்பிவிடும். அந்த வாரத்தைத் தவிர்த்துவிட்டு அதன்பின் வாருங்கள். தாய்லாந்துக்குள் நுழைவதற்கான மின்னிலக்க வருகை அட்டையைப் பயணத்திற்கு முந்திய மூன்று நாள்களுக்குள் நால்வருக்கும் நிரப்ப வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

புக்கிட் பாத்தோக் மகன் மீண்டும் எழுதுகிறார்:

மூவருக்கும் என் நன்றியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நேற்று இரவு உணவுக்குப்பின் எல்லாப் பதில்களையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆசிரியர் ஐயா எழுதியதை மட்டும் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். கிழக்குக் கரைத் தண்டவாளத்தைப் பெயர்த்த செய்தியைக் கேட்டதும், “ஆமாம், மெந்தகாப் பக்கம் பாதையே இல்லாமல் கிடந்தது என்று அம்மா சொல்லுவாள்” என்றார். இத்தனை ஆண்டுகளில் அவர் இதை எங்களிடம் சொன்னதேயில்லை.

ஓர் இரவு தங்குவதென்று முடிவு செய்துவிட்டோம். முதல் நாள் காலை நேரே வாட் தவோன் வராராம், ஆய்வு மையம், வெயில் தாழ்ந்தபின் பாலம். ஜப்பானியர் எழுப்பிய தூணுக்குப் போகலாமா என்று கேட்டேன். தமிழில் எழுதியிருக்கிறது என்றால் போய் வாசிக்க வேண்டும், யார் எழுதினால் என்ன என்றார். மறுநாள் நானும் மகளும் ரயிலில், அப்பாவும் மனைவியும் வேனில். தாம் கிராசேயில் சந்திப்போம். ஹெல்ஃபயர் கணவாய்க்கு அப்பாவின் உடல்நிலையைப் பார்த்துக்கொண்டு அன்றைக்கு முடிவு செய்வோம். இரண்டு ஓட்டுநர் சேவைகளுக்கு எழுதியிருக்கிறேன்; ஒருவர் சக்கர நாற்காலி, ஓட்டுநரின் இரவுத் தங்கல், கடைகளுக்குப் போகாமை எல்லாவற்றையும் குறிப்பிட்டுப் பதில் அனுப்பிவிட்டார். அவரையே அமர்த்தப் போகிறேன்.

இன்னும் இரண்டு கேள்விகள். பூ அங்கே எங்கே கிடைக்கும்? மற்றொன்று, தாத்தாவின் பொருளென்று வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: அவர் மரம் சீவிய கத்தி. பாட்டி அதைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு போய் நடுகல்லின் முன் சிறிது நேரம் வைத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்கிறார் அப்பா.

ஈசூன் பழைய ஆசிரியர் எழுதுகிறார்:

எடுத்துப் போங்கள் தம்பி. விகாரையில் உள்ளே நுழைந்ததும் பிக்கு ஒருவரிடமோ அலுவலகத்திலோ இன்னாருக்காக வந்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு வைத்தால் தவறாக எண்ண மாட்டார்கள்; ஓட்டுநரை உடன் அழைத்துச் சென்று தாய்லாந்து மொழியில் சொல்லச் செய்யுங்கள். தாத்தாவின் பெயர், தகப்பனார் பெயர், தோட்டத்தின் பெயர், போன ஆண்டு ஆகியவற்றை ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, ஆய்வு மையத்திலும் ஒரு படியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். நம்மவர் பெயர்கள் எழுத்தில் அங்கே சேர்வது இப்படித்தான் நடக்க வேண்டும்.

பேங்காக்கில் வாழும் சிங்கப்பூரர் எழுதுகிறார்:

கத்தியைக் கைப்பையில் வைக்க வேண்டாம், சாங்கியிலேயே எடுத்துவிடுவார்கள். முனையை அட்டையில் பொதிந்து, துணியில் சுற்றி, விமான நிலையத்தில் ஒப்படைத்து அனுப்பும் பெட்டிக்குள் வையுங்கள், திரும்பும்போதும் அப்படியே. பூவுக்குக் கவலை இல்லை. மல்லிகை மொட்டுகளைக் கோத்த சிறு மாலைகளைப் புவாங் மாலாய் என்பார்கள், காஞ்சனபுரி காலைச் சந்தையில் விற்கும். விகாரைக்குப் போகும் வழியில் சந்தையில் நிறுத்தும்படி முந்திய இரவே ஓட்டுநரிடம் சொல்லிவையுங்கள்.